புளிங்குடி ஜன்னலும் கோளூர் மரக்காலும்

நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களுக்குப் போகிறோம் என்று சொன்னதும் பக்கத்து வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு என்ன தோஷம்?" யாருக்கும் ஒன்றுமில்லை, அம்மாவுக்குச் சேவிக்க ஆசை, அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், கோளூர் செவ்வாய் என்று ஒன்பது ஊருக்கும் ஒன்பது கிரகம் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஊர்களைப் பாடிய வைணவக் கவி நம்மாழ்வாரின் பாசுரங்களில் கிரகப் பேச்சே கிடையாது. பெருமாளே கிரகமாக இருந்து அருள்கிறார் என்பதால் தனியாக நவக்கிரக சன்னதியும் இல்லை. பரிகாரத்துக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. எள் விளக்கு தேடி ஓடுகிற அவசரத்தில் ஆழ்வார் விட்டுப்போகிறாரே என்பதுதான் என் ஆதங்கம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாதையில், தாமிரபரணியின் இரு கரைகளிலும் இந்தத் தலங்கள் இருக்கின்றன. வடகரையில் முதலில் ஸ்ரீவைகுண்டம். ஆதிசேஷன் குடை பிடிக்க, கையில் கதையோடு நின்ற திருக்கோலத்தில் வைகுண்டநாதர். உற்சவருக்குக் கள்ளப்பிரான் என்று பெயர். கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்த ஒரு திருடனுக்காக, அவன் வேடத்திலேயே அரசன் முன்னால் போய் நின்றவராம். உற்சவரின் அழகில் சொக்கிப்போன சிற்பி கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளிவிட்டதாகவும், அந்த வடு இன்றும் இருப்பதாகவும் சொல்வார்கள். அம்மா அதைப் பார்க்கவேண்டும் என்று எட்டி எட்டி நின்றாள். சாத்தியிருந்த மாலையில் தெரியவில்லை. சித்திரை 6, ஐப்பசி 6 ஆகிய நாட்களில் காலைச் சூரிய ஒளி மூலவர் மேல் விழும் என்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே போனால் நத்தம் என்கிற வரகுணமங்கை, அதை அடுத்துத் திருப்புளிங்குடி. இந்த மூன்று ஊரையும் ஆழ்வார் ஒரே மூச்சில் பாடிவிட்டார்: "புளிங்குடிக் கிடந்து வரகுணமங்கை இருந்து வைகுந்தத்துள் நின்று". காரில் போனால் நின்றவர், இருந்தவர், கிடந்தவர் என்று அந்த வரி தலைகீழாக வரும். வழிநெடுக நெல்லும் வாழையும். இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுப்பது ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணை. 2023 டிசம்பர் மழையில் இதே ஆறு ஊர்களையெல்லாம் மூழ்கடித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் டிரைவர் ஒரு வீட்டுச் சுவரில் இன்னும் இருந்த சேற்றுக்கறையைக் கைநீட்டிக் காட்டினார்.

புளிங்குடியில் காய்சினவேந்தப் பெருமாள் நெடுகப் பள்ளிகொண்டிருக்கிறார். வாசலில் நின்றால் திருவடி கண்ணில் படாது. தீபாராதனை ஆனதும் பட்டர், "அப்படியே பிரதட்சிணமா போங்கோ, ஜன்னல் வழியா திருவடி சேவிச்சுக்கலாம்" என்றார். வெளிச்சுற்றில் சின்னதாக ஒரு ஜன்னல். வெயிலிலிருந்து போய்ப் பார்த்ததால் முதலில் வெறும் இருட்டு. கண் பழகப் பழக, எண்ணெய் மினுமினுப்போடு பாதங்கள் தெரிந்தன. அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பின்னால் வேனில் வந்த ஒரு கூட்டம், "பாட்டி, கொஞ்சம் வழி விடுங்க, இன்னும் ஆறு கோயில் இருக்கு" என்றது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும்.

பெருங்குளமும் இரட்டைத் திருப்பதியும் வடகரையில்தான். இரட்டைத் திருப்பதியில் தேவபிரானும் அரவிந்தலோசனரும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிக் கோயில்களில் இருக்கிறார்கள். சுற்றிலும் வேறு சத்தமே இல்லை.

அப்புறம் தென்கரை. தென்திருப்பேரையில் கருடன் பெருமாளுக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி இருப்பார். வீதியில் பிள்ளைகள் விளையாடுவதையும் வேதம் ஓதுவதையும் மறைக்காமல் இருக்கட்டும் என்று பெருமாளே ஒதுங்கச் சொன்னாராம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள் அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். செல்வத்தை அளந்து அளந்து களைத்துப் படுத்தாராம். நம்மாழ்வாரின் சீடர் மதுரகவியாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். ஆனால் அம்மா இங்கே தேடியது கதையில் வரும் ஒரு பெண்பிள்ளையை. புகும் ஊர் என்று ஆழ்வார் பாடிய கோளூரை விட்டு நீ ஏன் போகிறாய் என்று ராமானுஜர் கேட்டதற்கு, 81 அடியார்களின் செயல்களைச் சொல்லி, அவர்களைப் போல் நான் எதுவும் செய்யவில்லையே, "முயல் புழுக்கை வயலில் கிடந்தென்ன, வரப்பில் கிடந்தென்ன?" என்றவள். அம்மாவுக்கு அதில் பாதி மனப்பாடம். கோயில் வாசல்படியில் உட்கார்ந்து "அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே" என்று ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் மணியைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆழ்வார்திருநகரியை மாலைக்கு வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. நம்மாழ்வார் 16 வருடம் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி என்கிற புளியமரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அயோத்தியிலிருந்து தெற்கே தெரிந்த ஒளியைப் பார்த்து நடந்து வந்த மதுரகவி, "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டதும், "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று ஆழ்வாரிடமிருந்து பதில் வந்ததும் இந்த மரத்தடியில்தான். அதைத் தொட விடமாட்டார்கள், அதுவும் சரிதான்.

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் ஒன்பது பெருமாளும் கருட வாகனத்தில் இங்கே வருவார்கள், ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்வார். கூட்டத்துக்குப் பயந்து அம்மா வரமாட்டேன் என்கிறாள். அத்தையிடம் பேசி வைத்திருக்கிறேன்.