பாலுக்குள் நீந்தும் உயிர்

அம்மான் பச்சரிசித் தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். அந்தப் பாலில்தான் 1909இல் மொரீஷியஸில் லாஃபோன் என்ற ஆய்வாளர் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் டோனோவன் அதற்கு ஃபைட்டோமோனாஸ் என்று பெயரிட்டார். காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நோய் பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற அதே டோனோவன்தான்!

நான் அதை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. முறுக்கிய நீள உடல், முனையில் சாட்டை போன்ற ஒரேயொரு கசையிழை, ஓயாத துடிப்பு. செடிக்குள் இப்படியொரு ஓட்டமா!

சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள்தான் இதைச் செடிக்குச் செடி கொண்டுபோகின்றன. பால் கசியும் செடிகளில் இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் சாதுவாகவே இருக்கிறது. ஆனால் தென் அமெரிக்காவில் உணவைக் கடத்தும் திசுவுக்குள் புகுந்து தென்னையையும் காபிச் செடியையும் வாடவைத்துக் கொன்றிருக்கிறது. பயிர்நோய் என்றால் பூஞ்சையையும் வைரஸையும் மட்டும் தேடுவது போதாது. சந்தேகம் வந்தால் திசுச்சாற்றையும் பாருங்கள்.