மெஹ்ரோலியில் உம்மாவின் நேர்ச்சை

அல்ஹம்துலில்லாஹ், உம்மாவின் நேர்ச்சை ஒருவழியாக நிறைவேறியது. வெளிநாட்டில் வழக்கில் மாட்டி மூன்று வருஷம் ஊர் வர முடியாமல் கிடந்த என் அண்ணன், எங்கள் நானா, வீடு சேர்ந்தால், டெல்லி மெஹ்ரோலி தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கி நாயகத்துக்குப் பூப்போர்வை போடுவதாக நேர்ந்திருந்தார். நாகூர் எஜமான் வாசலிலேயே இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு முகலாய ராணியின் கதையைத்தான் சொல்வார். முகலாய பாதுஷா இரண்டாம் அக்பர் ஷா தனக்குப் பிறகு மூத்த மகன் பகதூர் ஷா ஜஃபரை விட்டுவிட்டு இன்னொரு மகன் மிர்சா ஜஹாங்கீரைப் பட்டத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார், ஆங்கிலேயர் விடவில்லை. டெல்லியில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி, ரெசிடெண்ட் சீட்டனை நோக்கிச் சுட்டதற்காக ஜஹாங்கீரை அலகாபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மும்தாஜ் மஹல் பேகம் இந்த மெஹ்ரோலி நாயகத்திடம்தான் நேர்ந்துகொண்டார், மகன் திரும்பியதும் பூவோடு வந்தார். "பாதுஷா வீடா இருந்தா என்ன, பெத்தவதானே" என்பார் உம்மா.

சந்துக்குள் நுழைந்ததிலிருந்து கையைப் பிடித்து இழுக்காத குறை. பூத்தட்டுக்கு வாய்க்கு வந்த விலை, நன்கொடை நோட்டை நீட்டிப் பெயர் எழுதச் சொல்லி ஒருவர், அப்புறம் இன்னொருவர். மனசு கசந்துதான் உள்ளே போனேன்.

பெண்கள் நாயகத்தின் கப்று இருக்கும், அதாவது அவரை அடக்கிய, இடத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. பாதுஷா ஃபரூக்சியர் வைத்த பளிங்குச் சல்லடைக்கு வெளியே நாங்கள் நின்றோம். நானா போர்வையைத் தலையில் தாங்கி உள்ளே போனார். உம்மா அந்தத் துளைகளில் விரலைக் கோர்த்துக்கொண்டார், நரம்பு புடைத்த, மஞ்சள் கறை போகாத விரல்கள். துஆ எதுவும் வாயில் வரவில்லை, "வந்துட்டான் நாயகமே, வந்துட்டான்" என்று மட்டும். நானும் சேர்ந்து அழுதேன்.

பக்கத்திலேயே மோத்தி மஸ்ஜித் ஓரம் பாதுஷாக்களின் கப்றுகள். ஔரங்கசீப்புக்குப் பின் 1707இல் வந்த முதலாம் பகதூர் ஷா, 1788இல் குலாம் காதிர் கண்ணைப் பறித்த இரண்டாம் ஷா ஆலம், அவர் மகன் அக்பர் ஷா. அங்கேயே ஓர் இடம் காலி. ஜஃபர் தனக்கென்று வைத்துக்கொண்டது. தந்தை வேண்டாமென்று ஒதுக்கப் பார்த்த அவர்தான் கடைசிப் பாதுஷா ஆனார், 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் ரங்கூனுக்குக் கொண்டுபோய் 1862இல் அங்கேயே அடக்கிவிட்டார்கள். இதை நானா படித்துச் சொன்னதும் உம்மா வெகுநேரம் பேசவில்லை. "இந்தப் புள்ள மட்டும் திரும்பவே இல்லையா" என்று கேட்டுவிட்டு, தப்ரூக்காக, தர்காவின் அருட்பொருளாக, முந்தானையில் முடிந்திருந்த ரோஜா இதழில் பாதியை எடுத்து அந்த வெறும் தரையில் போட்டு ஃபாத்திஹா ஓதினார். நானா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.