விடையை விழுங்கப் பழகுதல்: ஒரு பயிற்றுநரின் நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

நாளை தொடங்கும் ஐந்து நாள் மேலாளர் பயிற்சிக்கு 28 பேர் வருகிறார்கள். பெயர், பதவி, பணியாண்டுகள் ஆகியவற்றை இருக்கை வரைபடத்தில் ஏற்றி முடிப்பதற்குள் முற்பகல் போய்விட்டது. ஒரே நிறுவனத்தின் மேலதிகாரியும் அவருக்குக் கீழே பணிபுரிபவரும் ஒரே வகுப்புக்கு வந்தால், இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கக் கூடாது. மேலதிகாரியின் முகக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஒருவர் பேசும் பேச்சால் வகுப்புக்கு எந்தப் பயனும் இல்லை.

பிற்பகலில் பலகைத் திட்டம் போட்டேன். கேஸ் (ஒரு நிறுவனத்தின் சிக்கலை எழுத்தில் கொடுத்து வகுப்பை விவாதிக்க வைக்கும் பாடம்) நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்: இடப்பக்கப் பலகையில் நிலைமை, நடுப்பலகையில் தெரிவுகள், வலப்பக்கத்தில் முடிவு, எந்தக் கருத்து வந்தால் எங்கே எழுதுவது என்பது வரை முன்கூட்டியே வரைந்துகொள்வது. வலப்பக்கத்தின் அடியில் எழுத வேண்டிய கடைசி வாக்கியத்தைக்கூடக் குறித்துவிட்டேன். வகுப்பு பேசப்போவதை வகுப்பு கூடுமுன்பே எழுதி வைத்துக்கொண்டு, அதற்குக் கலந்துரையாடல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மார்ச் 3, திங்கள்

நெடுநாள் உடன் உழைத்த ஒருவரைப் பதவியிலிருந்து விலக்குவதா வேண்டாமா என்று தடுமாறும் ஆலைத் தலைவரைப் பற்றியது இன்றைய கேஸ். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 22 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் கையை உயர்த்தி, "சார், நீங்கள் இதுவரை எத்தனை பேரை வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. "ஒருவரை, அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை" என்றேன். எப்படி ஒழுங்காகச் செய்யவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பத்தே நிமிடத்தில், அவர் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்காமல் சொல்லி அனுப்பியதை விவரித்தேன். அதன் பிறகு கேஸை யாரும் புரட்டவில்லை. அவரவர் அனுப்பியவர்களைப் பற்றியே பேசினார்கள். பலகைத் திட்டம் பையிலேயே கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொழில் தெரிந்த அளவு பயிற்றுநருக்குத் தெரியாது என்ற சங்கடம் இந்தத் துறை தோன்றிய நாள்முதல் இருந்து வருவது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1931-இலும், ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1945-இலும் பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்று தனி வகுப்புகளைத் தொடங்கியபோது, அங்கே நின்று பாடம் எடுத்தவர்களுக்கும் இதே கேள்வி நெஞ்சில் உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நிதிநிலை அறிக்கை வகுப்பு. தேறிவிட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

இன்று பீர் விளையாட்டு. 1960-ஐ ஒட்டி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழுவினர் உருவாக்கியது; உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் இன்றுவரை ஆடப்படுகிறது. சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், ஆலை என்று பீர்ப் பெட்டிகள் கைமாறும் ஒரு வரிசையில் நான்கு இடங்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவருக்குச் சீட்டில் ஆர்டர் எழுதித் தள்ள வேண்டும். சரக்கு வந்து சேர வாரங்கள் பிடிக்கும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கையில் தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் கேட்பதோ முதல் நான்கு வாரம் தலா 4 பெட்டி, ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8. நடப்பது அவ்வளவுதான், ஆனால் அது சில்லறை வணிகர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பத்தாம் வாரத்துக்குள் இருப்பு கரைந்து, ஒவ்வொருவரும் பதற்றத்தில் கூட்டிக் கூட்டி எழுதினார்கள். ஒரு மேசையில் ஆலைக்கு ஒரே வாரத்தில் 40 பெட்டிக்குச் சீட்டு வந்தது. பின்னர் கேட்ட சரக்கெல்லாம் ஒன்றாக வந்து குவிய, தொடர்ந்து பல வாரம் பூஜ்யமே வந்தது. ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரைந்து காட்டச் சொல்வது வழக்கம். ஆலைக்காரர் யோசிக்காமல் ஒரு மலையையும் பள்ளத்தையும் வரைந்து, "யாரோ ஒரு கிறுக்கன் இப்படி மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறான்" என்றார். வாடிக்கையாளர் சீட்டுக்கட்டை அவர் முன்னால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டேன். எட்டு, எட்டு, எட்டு. அவர் தம் கோட்டுப்படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

அறை முழுவதும் அமைதி. வலது ஓரத்தில் இருந்த கிடங்குத் தலைவர், ஓர் அம்மையார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பேசத் தொடங்கிவிட்டேன். கால தாமதம், அச்சம், அமைப்பின் கோளாறு என்று அம்புக்குறி போட்டு விளக்கினேன். எல்லோரும் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். அந்த அம்மையாரும் வாயை மூடிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

மார்ச் 7, வெள்ளி

கருத்துப் படிவங்களின் சராசரி ஐந்துக்கு 4.8. பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. நாங்கள் முதல் படியை மட்டும் ஒழுங்காக அளந்து, அதை வைத்தே அடுத்த ஒப்பந்தம் பெறுகிறோம்.

புதன்கிழமை வகுப்பைப் பின்வரிசையில் இருந்து பார்த்த மூத்த சகப் பயிற்றுநர் தம் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். விளையாட்டுக்குப் பிந்தைய 40 நிமிடத்தில் நான் பேசியது 31 நிமிடம். கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருந்தது பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. பள்ளி ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக நீட்டினாலே மாணவர்களின் விடை நீண்டு தெளிவடைகிறது என்று 1970-களில் மேரி பட் ரோ கண்டறிந்ததை நானே பலருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

"பதினேழு கேள்வி கேட்டீர்கள். பதினாறுக்கு உங்களிடம் விடை இருந்தது" என்றார்.

"மீதி ஒன்று?"

"இடைவேளைக்கு நேரமாகிவிட்டதா என்பது."

ஏப்ரல் 20, ஞாயிறு

அடுத்த தொகுதிக்கான ஏற்பாட்டுக்கு நடுவில் ரெக் ரெவன்ஸைப் பற்றி மீண்டும் படித்தேன். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, பிறகு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்துக்குப் போனவர். சுரங்க மேலாளர்களுக்கு வெளியாள் வந்து போதிப்பதைவிட, அவர்களே சிறு குழுக்களாகக் கூடி ஒருவர் சிக்கலை மற்றவர் துருவிக் கேட்பது மேல் என்று வாதிட்டார். ஏட்டில் ஏறிய அறிவோடு துருவும் கேள்வியும் சேர்ந்ததே கற்றல் என்பது அவருடைய சூத்திரம். விரிவுரையாளர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சற்று மிகையாகவே பிடிக்காது என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 23, புதன்

அதே விளையாட்டு. சீட்டுகளைப் புரட்டியதும் பலகைக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மனத்துக்குள் பதினொன்று வரை எண்ணினேன். பதினொரு விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும். பிறகு ஆலைக்காரர் சில்லறை வணிகரைப் பார்த்து, "எட்டுதான் என்று உங்களுக்குத் தெரியுமே, எங்களை ஏன் இந்தப் பாடு படுத்தினீர்கள்?" என்று கேட்க, சண்டை தொடங்கியது. நான் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும் இடத்துக்கு அவர்கள் வந்து சேர 25 நிமிடம் ஆயிற்று.

ஆயினும் ஒன்றை அவர்கள் கடைசிவரை எட்டவில்லை. ஆர்டர் கொடுத்து இன்னும் கைக்கு வராத சரக்கை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆட்டம் இப்படிக் கெடுவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று 1989-இல் ஜான் ஸ்டெர்மன் தரவுகளோடு காட்டியிருக்கிறார். இதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று வாய்மூடி இருப்பது பிடிவாதமாகுமே தவிரப் பயிற்சியாகாது. மறுநாள் காலை சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். எதை விழுங்குவது, எதைச் சொல்லியே ஆவது என்பதில் எனக்கு இன்னும் கை படியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

சராசரி 4.2. "பயிற்றுநர் இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்று மூன்று படிவங்களில் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

இரு தொகுதியிலிருந்தும் ஆறாறு பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். பன்னிருவரில் ஐவர் வேலையில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். எந்தத் தொகுதி மேல் என்று சொல்லும்படி எந்த வேறுபாடும் இல்லை. மார்ச் மாதக் கிடங்குத் தலைவர் வாராந்தர இருப்புத் தாளில், வர வேண்டிய சரக்குக்கென்று தனிக்கட்டம் சேர்த்திருக்கிறார். அன்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"பேசக் கூடாது என்ற விதியை விளையாட்டில் நீங்கள் வைத்தீர்கள். எங்கள் நிறுவனத்தில் அதை யார் வைத்தார்கள் என்று கேட்க நினைத்தேன் சார்."

ஜூலைத் தொகுதிக்கான பலகைத் திட்டத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கப் போனேன். சேர்த்தால் அது விடையைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழாவதாக நான் கேட்கும் கேள்வியாகிவிடும். நடுப்பலகைக்கு நேரே எதுவும் எழுதாமல் தாளை மடித்து வைத்தேன்.