கோப்பு முழுவதையும் கொடுக்கவில்லை

தெகிவளையில் அம்மாவுக்கிருந்த துண்டுக் காணியை விற்ற காசில் பாதிதான் எங்கள் கைக்கு வந்தது. மீதி எங்கள் சட்டத்தரணியிடமே நின்றுவிட்டது. ஒரு வருடம் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் முறைப்பாட்டுக்குப் போனேன்.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, பிறகு ஆட்டோ பிடித்து, நீதிமன்றங்கள் இருக்கும் கொழும்புப் புதுக்கடை. கூட வந்தவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஐயா. மடியிலிருந்த தடித்த ஆவணக் கோப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை முழுசாக் குடுக்கப் போறீரோ?" என்றார்.

ஆட்டோவிலேயே பிரித்துப் பார்த்தேன். காணி உறுதிப் பிரதி, வங்கிக் கூற்று, சட்டத்தரணி அனுப்பிய குறுஞ்செய்திகள். இடையில் அம்மாவின் இருதய வைத்தியர் எழுதிய கடிதம், கனடாவில் இருக்கும் தம்பியின் விசாக் கடிதங்கள். ஒரே ஆளிடம் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டியிருக்கிறோம்!

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் பற்றி ஐயாதான் சொன்னார். கட்சிக்காரர், அதாவது சட்டத்தரணியை அமர்த்தியவர், சொன்னதைச் சட்டத்தரணி அவருடைய வெளிப்படையான சம்மதமில்லாமல் வெளியிட முடியாது. குற்றச் செயலுக்காகச் சொன்னதென்றால் அந்தக் காப்பு இல்லை. "அந்தக் காப்பு கட்சிக்காரருக்குத்தான், சட்டத்தரணிக்கில்லை. கட்சிக்காரர் ஆர்? நீரோ, அம்மாவோ?"

அம்மாதான். மகன் என்பதால் நானே கையெழுத்து வைக்கலாமென்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அப்படியே திரும்பினோம். ஆட்டோக் காசு தண்டம்.

சத்தியக்கடதாசியை அம்மாவின் பெயரில் எழுதினோம். எதிராளிக்குத் தெரியாமல் விசாரிப்பார்கள் என்றும் எனக்கொரு எண்ணம் இருந்தது. அது நடக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்ல வேண்டுமானால் என்ன குற்றமென்று அவருக்குத் தெரியத்தானே வேண்டும். அப்புறம் ஒவ்வொரு தாளையும் அந்த எதிராளியின் கண்ணால் பார்த்துத்தான் சேர்த்தேன். வங்கிக் கூற்றில் காணிக் காசு வந்து போன வரிகளை மட்டும் விட்டு, மற்றதைக் கறுப்பு மையால் மறைத்தேன். விசாக் கடிதங்களை எடுத்தே விட்டேன்.

அதே ஆளிடம் ஏமாந்த இன்னொரு அம்மாவும் போனில் பேசினார். அவருடைய கடிதங்களையும் வைத்தால் முறைப்பாடு பலமாகும்தான். "என்ர பேர் வெளியில வரக்கூடாது" என்றார். சரி, வைக்கவில்லை. இன்றும் அது ஒரு குறையாகத்தான் படுகிறது.

1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டப்படி ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தால்தான் முடியும். காசைத் திருப்பி வாங்குவது வேறு வழக்கு. அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் பெரும்பாடு.

சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கும்போது அம்மா பேனையை நிறுத்திக் கேட்டார்: "தம்பியின்ர கடிதம் இதுக்குள்ள இல்லைத்தானே?"

"இல்லையம்மா, அலுமாரிக்குள்ள."

அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.