ஏறு மூங்கில் டைனோகுளோவா: செய்முறைத் தேர்வில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏறு மூங்கில் மாதிரி மேசையில் இருந்தால் பலர் எழுதும் முதல் வரியே ‘பற்றுக்கம்பியால் ஏறும்’ என்பதுதான். டைனோகுளோவாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. பிரம்பில் இருக்கும் கொக்கி முட்களும் கிடையாது. கணுவுக்குக் கணு திசை மாறி வளைந்து வளைந்து போகும் தண்டும், ஒவ்வொரு கணுவிலும் உதிராமல் தங்கிவிடும் தண்டு உறையின் சொரசொரப்பான அடிப்பட்டையும்தான் அதற்குப் பிடிமானம். அந்தப் பட்டையில் விரலை ஓட்டிப் பாருங்கள், அரம் போல இருக்கும். இந்தப் பேரினத்தை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை.

அந்தமான் தீவுகளில் டைனோகுளோவா அந்தமானிகா வளர்கிறது. போர்னியோவின் சபா பகுதியில் இதே பேரினத்தின் பல சிற்றினங்கள் உண்டு; அவற்றை வகைப்படுத்தி சோயத்மி டிரான்ஸ்ஃபீல்ட் 1981இல் எழுதினார். மரம் வெட்டிய காடுகளில் இவை புதராக மூடிக்கொள்வதற்குக் கிளை அமைப்பும் ஒரு காரணம். கணுவின் முதன்மை மொட்டு உறங்கிக் கிடக்க, அதைச் சுற்றி மெல்லிய கிளைகள் வரும். மேல் தண்டு முறிந்தால் அந்த மொட்டு விழித்துத் தண்டின் பருமனுக்கே வளரும். படம் வரையும்போது இந்த மொட்டைக் குறிக்காமல் விடாதீர்கள்.

மாதிரி சேகரிப்பவர்கள் இலைக்கிளையை மட்டும் ஒடித்து வருவார்கள். அதை வைத்துச் சிற்றினம் சொல்வது கடினம். நடுத்தண்டிலிருந்து உறையோடு ஒரு கணு, கிளைக் கணு ஒன்று, மட்டநிலத்தண்டின் ஒரு துண்டு, கிடைத்தால் பூத்திரள் ஆகிய நான்கும் வேண்டும். ஒரே தாளில் அடங்காது. தனித்தனித் தாள்களில் ஒட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண் கொடுங்கள். உறையைக் காயவிட்டு விரித்தால் பிளந்துவிடும், பச்சையாக இருக்கும்போதே விரித்து அழுத்துங்கள். கணு வரும் உயரத்தையும் உறையின் நிறத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்தபின் நிறம் போய்விடும்.

பூத்திரளின் சிறு அலகான சிறுகதிர் மிகச் சிறியது. காய்ந்ததை வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் பிரியுங்கள். ஒரே ஒரு சிறுமலர், 6 மகரந்தத்தாள்கள், பெரும்பாலும் 3 சூலகமுடிகள். லாடிக்யூல் (புல் மலரின் அடியில் இருக்கும் சிறு செதில்) இல்லை. பல மூங்கில்களில் அது 3 இருப்பதால், மனப்பாடமாக ‘லாடிக்யூல் 3’ என்று எழுதுபவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழப்பார்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

கனிக்கும் அதே எச்சரிக்கை. புல் குடும்பம் என்றதும் ‘உலர்ந்த கேரியாப்சிஸ்’ (கனித்தோலும் விதையுறையும் ஒட்டிய நெல்மணி போன்ற கனி) என்று கை ஓடும். இதன் கனித்தோல் சதைப்பற்றோடு தடித்திருக்கும், முளைக்கு உணவாகும் முளைசூழ்தசை இருக்காது. கனி விழுந்த சில நாளிலேயே முளைவிடும் என்பதால் விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. அழுத்திக் காயவைத்தாலும் சுருங்கி உருவம் தெரியாமல் போகும். 70% ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.