ராணுவத்தைக் கேள்வி கேட்பது எப்படி?

நாடாளுமன்றம் ராணுவத்தைக் கண்காணிக்கிறது என்றால் பலருக்கும் மக்களவைக் கூச்சல்தான் நினைவுக்கு வரும். டெல்லியில் எம்.பி. ஒருவருக்கு ஆய்வு உதவியாளராக இருந்தபோது நான் பார்த்தது வேறு. அவர் பாதுகாப்புத் துறையை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் உறுப்பினர். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மூடிய அறையில் கூட்டம். உதவியாளர்களுக்கு உள்ளே இடமில்லை. குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன்கள் குண்டு போட்டன. சேதம் பெரிதில்லை. ஆனால் இந்தியாவில் ராணுவத் தளம் ஒன்றை ட்ரோன் தாக்கியது அதுவே முதல்முறை. ட்ரோன் எதிர்ப்புக் கருவி எத்தனை இருக்கிறது என்று அவையில் கேட்டால் வரும் பதில் ஊரறிந்தது: தேசப் பாதுகாப்பு கருதி வெளியிட இயலாது. அதனால் தேதிகளைக் கேட்போம். தேவை என்று படை எப்போது சொன்னது, ஒப்புதல் எப்போது, ஒப்பந்தம் எப்போது, முதல் கருவி கைக்கு வந்தது எப்போது? ரகசியம் எதையும் தொடாமலே, தாமதம் யார் மேசையில் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். அவையில் அமைச்சரிடம் கேட்கும் கேள்வி என்பதால் இதையெல்லாம் 150 வார்த்தைக்குள் அடக்க வேண்டும். 15 நாள் முன்னறிவிப்பு வேறு. அதற்குள் செய்தி ஆறிப்போயிருக்கும்.

குழுவால் என்ன முடியும் என்பதற்கு நான் எல்லோரிடமும் காட்டுவது 2018 மார்ச் அறிக்கை. ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் குழுவிடம் வெளிப்படையாகச் சொன்னார்: தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் இன்றைய காலத்தவை, அதிநவீனம் வெறும் 8 சதவீதம். இதையே எதிர்க்கட்சி மேடையில் சொன்னால் தேசத்துரோகம் என்பார்கள். சீருடைக்காரர் சொன்னதால் அச்சாகி அவையிலேயே வைக்கப்பட்டது. அப்போது குழுத் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி.கண்டூரி. ஆறு மாதத்தில் தலைவர் மாறினார். காரணத்தை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடலாம்.

பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. தளவாடம் வாங்க, செலவாகாமல் போனாலும் நிதியாண்டு முடியும் மார்ச் 31-உடன் காலாவதியாகாத தனி நிதி வேண்டும் என்று குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. அரசு பதில் தரும், அப்புறம் அடுத்த ஆண்டும் அதே பரிந்துரை.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறொன்று. குழுவின் ஆயுள் ஓராண்டுதான். ரேடார், ஜாமர் (ட்ரோனின் சிக்னலை முடக்கும் கருவி) என்று எங்கள் எம்.பி. விவரம் பிடித்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய சமயத்தில் குழு மாற்றியமைக்கப்பட்டது. அவரை ரயில்வே குழுவில் போட்டார்கள். சரி என்று நானும் ரயில் பெட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.