பார்சல் உடைவது பெட்டிக்குள்ளேதான்

'உடையக்கூடியது' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பெரிய மையங்களில் அதைப் படிக்கப் பெரும்பாலும் ஆள் இல்லை. பார்சலை நகர்த்துவது கன்வேயர் பட்டை. அதற்கு மேலிருக்கும் கருவிக்குப் பார்கோடு ஒன்றுதான் புரியும். ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கி விழும்போது அம்புக்குறி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று யாரும் கவனிப்பதில்லை. ஆகவே ஆறு பக்கத்தில் எந்தப் பக்கம் விழுந்தாலும் தாங்கும்படி கட்ட வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட மனசு வராத பெட்டி இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காலி இடம் இருந்தால் பொருள் ஓடும். ஓடினால் சுவரில் மோதும். பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 செ.மீ. மெத்தை வேண்டும். அடியில் போட மறப்பவர்கள்தான் அதிகம். கசக்கிய செய்தித்தாள் முதலில் இறுக்கமாகத் தெரியும். லாரி குலுக்கலில் அமுங்கி, பாதி வழியிலேயே பெட்டி கடகடக்கத் தொடங்கும். அதனால் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திணியுங்கள். மூடியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது. மேல்மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே குழியவும் கூடாது, புடைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி விளிம்பில் நிறுத்தி வையுங்கள்; தட்டையாகக் கிடக்கும் தட்டு நடுவில் விழும் அடிக்கு எளிதில் விரிசல் விடும். கண்ணாடி என்றால் பெட்டிக்குள் பெட்டி. சின்னப் பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் இடையிலும் அதே 5 செ.மீ.

அட்டைப் பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு செங்குத்து மூலைகளில் இருக்கிறது. மூலை நசுங்கிய பழைய பெட்டி, பார்க்க நன்றாக இருந்தாலும், மேலே அடுக்கினால் உட்கார்ந்துவிடும். அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் செங்குத்தாக நிற்கும்போதுதான் சுமை தாங்கும். ஈரம் இன்னொரு எதிரி: மழைக்காலக் காற்றை உறிஞ்சிய அட்டை பலத்தில் பாதியைக்கூட இழக்கலாம். பத்து கிலோவைத் தாண்டினால் மூன்றடுக்கு அட்டையை விட்டு ஐந்தடுக்குக்குப் போய்விடுங்கள்.

அதற்காக ஊருக்குப் பெரிய பெட்டி எடுத்தால் காசு போகும். கூரியரில் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 50 × 40 × 30 பெட்டிக்கு 12 கிலோ வரும், உள்ளே இரண்டு கிலோ தலையணை இருந்தாலும்.

டேப் 48 மி.மீ. அகலம் போதும். நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, மேலும் கீழும். டேப்பின் முனைகள் பெட்டிச் சுவரில் 5 செ.மீ. இறங்க வேண்டும். சணல் கயிறு கட்டாதீர்கள், கன்வேயர் பட்டையின் இடுக்கில் மாட்டி இழுபடும்.

திரவத்தைக் கழுத்துவரை நிரப்பக்கூடாது. பறக்கும் விமானத்தின் சரக்கு அறையில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை மூடி வழியே தள்ளும். மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், மேலே டேப், பிறகு ஒரு ஜிப் பை.

பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. சொல்லாமல் உள்ளே வைத்தால் எக்ஸ்ரேயில் பிடிபட்டு மொத்தப் பார்சலும் நிற்கும்.

இனி லேபிள். வழிதவறும் பார்சல்களில் பல இங்கேதான் சறுக்குகின்றன. பெட்டியின் பெரிய தட்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள். விளிம்பில் மடங்கிய பார்கோடை ஸ்கேனர் படிக்காது. பழைய பெட்டியானால் பழைய பார்கோடுகளை எல்லாம் கிழித்தோ கறுப்படித்தோ மறையுங்கள், இல்லாவிட்டால் பார்சல் பழைய ஊருக்கே பயணப்படும். மையில்லாமல் சூட்டால் எழுத்து பதியும் வெப்ப அச்சு லேபிள் வெயிலில் கறுக்கும். அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டினால் பசை பட்டு நாளடைவில் எழுத்து மங்கவும் செய்யும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது இப்படி முடிகிறது. முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய இன்னொரு சீட்டைப் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வெளி லேபிள் கிழிந்து போனால், பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு உங்களைக் கண்டுபிடிக்க அந்தச் சீட்டு மட்டும்தான் இருக்கும்.